கல் கொட்டும் முன் பழைய வான்படத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை நெல்லை மாவட்டக் கடற்கரையின் எந்த ஊரிலிருந்து செய்தி வந்தாலும் அதில் இரண்டு விஷயம் தவறுவதில்லை. கடல் ஊருக்குள் வருகிறது. தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டும் தடுப்பு, வேண்டும். கேட்பது நியாயமான கோரிக்கைதான். வள்ளம் ஏற்ற மணல் இல்லாத ஊரில் மீன்பிடித் தொழில் நடக்காது. ஆனால் வளைவை எங்கே போடுவது, எத்தனை மீட்டர் நீட்டுவது என்று பேசும் கூட்டங்களில் மேசைமேல் விரிப்பது கூகுள் எர்த் படங்களைத்தான். அவற்றில் தெளிவாக இருப்பவை ஏறக்குறைய 2000-க்குப் பிந்தியவை. அதற்குள் இந்தக் கரையில் பல இடங்களில் கல் விழுந்துவிட்டது. கல் விழுந்த பிறகு கரை எப்படி இருக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டும். விழாமல் இருந்தபோது மணல் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் காட்டாது. அதற்குச் சாட்சி, நில வரைபடம் தயாரிப்பதற்காக விமானத்திலிருந்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். அலுவலகங்களில் ஏரியல் போட்டோ என்பார்கள். அந்தப் படங்களை எப்படிப் படிப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இந்த வான்படம் ஒவ்வொன்றும் 23 செ.மீ.க்கு 23 செ.மீ. சதுரம். கேமரா லென்சின் குவியத் தூரம் பெரும்பாலும் 152 மி.மீ. விமானம் தரையிலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் பறந்தால் படத்தின் அளவுகோல் 1:25,000. அதாவது படத்தில் 4 செ.மீ. என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரு படத்துக்குள் 5.75 கி.மீ. கரை அடங்கும். அடுத்தடுத்த படங்கள் 60 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுப்பார்கள் என்பதால் ஒவ்வொரு படத்திலும் புதிதாக வருவது 2.3 கி.மீ.தான். நம் மாவட்டத்தின் ஏறத்தாழ 50 கி.மீ. கரைக்கு ஒரு வரிசையில் இருபத்தைந்து படம் வரை ஆகும். கரை வளைந்து போகிற இடத்தில் வரிசையும் கூடும். இப்படி மேலே விழுவது வீணல்ல. பக்கத்துப் படங்கள் இரண்டை ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டை லென்ஸ் கருவியின் கீழ் வைத்தால் தேரி (செம்மணல்) மேடும் கடலோர மணல்மேடும் உயரமாக எழுந்து நிற்கும். இந்தக் கரையில் தாது மணலுக்காக எந்த மேடு மட்டமாக்கப்பட்டது என்பதை 2013-ல் அரசு தடை போட்ட பிறகு வாய்வார்த்தையாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். 1970-க்குப் பக்கத்தில் எடுத்த ஒரு ஜோடிப் படம் கிடைத்தால் மேட்டின் உயரத்தையே அளந்துவிடலாம்.

படத்தின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். கடிகாரம், உயரமானி, ரசமட்டக் குமிழி, படத்தின் எண் ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். பிரின்ட் போடும்போது பல பேர் இந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். நாளும் மணியும் தெரிந்தால்தான் அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்ததா வற்றத்தில் இருந்ததா என்று தூத்துக்குடி ஓத அட்டவணையை வைத்துக் கணக்கிட முடியும். நான்கு மூலைகளிலோ நான்கு பக்கங்களின் நடுவிலோ இருக்கும் குறிகளும் அவசியம். எதிரெதிர்க் குறிகளைக் கோட்டால் இணைத்தால் அவை வெட்டும் புள்ளிதான் படத்தின் நடுப்புள்ளி. அது இல்லாமல் எந்தத் திருத்தமும் செய்ய முடியாது.

பழைய பிரின்டைச் செல்போனில் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கும், அளவுக்கு ஆகாது. காகிதம் ஈரப்பதத்தில் நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் வேறு விதமாகவும் சுருங்கும். முடிந்தால் பிலிமிலிருந்தே ஸ்கேன் செய்ய வேண்டும். பிரின்ட்தான் கிடைக்கிறது என்றால் தட்டையான ஸ்கேனரில் 1,200 டிபிஐ (அங்குலத்துக்கு 1,200 புள்ளி) வைத்து ஸ்கேன் செய்துவிட்டு, குறிகளுக்கு இடையிலான தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து சரிபார்க்க வேண்டும். 1:25,000 படத்தை 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி தரையில் சுமார் அரை மீட்டர். 600 டிபிஐ என்றால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் கூட்டினால் கிடைப்பது பிலிமின் மணல்மணலான துகள்தான்.

பெரும்பாலான தவறு நடப்பது அடுத்த கட்டத்தில்: படத்தைத் தரையோடு பொருத்தும்போது. படத்திலும் தெரிந்து, இன்றும் அதே இடத்தில் இருக்கும் புள்ளிகள் ஒரு படத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை வேண்டும். நம் ஊர்களில் கண்ணுக்கு முதலில் படுவது கோயில் கோபுரம். அதன் உச்சியைத் தொடவே கூடாது. உயரமான எதுவும் படத்தில் நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழும். 30 மீட்டர் கோபுரம் ஒன்று நடுப்புள்ளியிலிருந்து 80 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 80-ஐ 30-ஆல் பெருக்கி 3,800-ஆல் வகுத்தால் 0.63 மி.மீ. தரையில் அது ஏறக்குறைய 16 மீட்டர். கோபுர உச்சியை வைத்துப் பொருத்தினால் கடல் 16 மீட்டர் உள்ளே வந்ததாகவோ வெளியே போனதாகவோ படம் பொய் சொல்லும். கோபுரத்தின் அடி, குருசடி (சிலுவை) மேடையின் மூலை, கிணற்று விளிம்பு, குளக்கரை திரும்பும் முனை, பழைய சாலைகள் கூடும் இடம் ஆகியவை நம்பத்தக்கவை. பனைமரம் ஆகாது. நிற்கும் மரத்துக்கும் சாய்வு உண்டு, வெட்டிய மரத்துக்கு இடமே இல்லை.

கடற்கரைப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிப் படம் கடல். புள்ளிகள் எல்லாம் நிலப் பக்கத்திலேயே குவியும். பொருத்தும் மென்பொருளில் இரண்டாம் படி, மூன்றாம் படிச் சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் புள்ளிகள் இருக்கும் இடத்தில் பிழை குறைந்து திரையில் அழகான எண் வரும். புள்ளியே இல்லாத கடல் விளிம்பில் படம் இஷ்டத்துக்கு வளையும். நாம் அளக்க வேண்டியதோ அந்த விளிம்பைத்தான். எளிய சமன்பாடே போதும். புள்ளிகளில் பாதியாவது கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பொருத்துவதற்குப் பயன்படுத்தாத இரண்டு மூன்று புள்ளிகளைத் தனியே வைத்திருந்து கடைசியில் அவற்றை வைத்துச் சோதிக்க வேண்டும். மென்பொருள் சொல்லும் பிழையைவிட இந்தச் சோதனை சொல்லும் பிழைதான் உண்மையானது.

நம் கரைக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை, பெரியதாழைக்கும் மணப்பாட்டுக்கும் இடையில் கரையைக் கடக்கிறது. உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் கட்டத்தில் அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44-ஆம் மண்டலம். உவரியும் இடிந்தகரையும் 43-ல் வரும். மணப்பாடும் திருச்செந்தூரும் 44-ல் வரும். தமிழ்நாடு முழுவதற்கும் 44 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் அதிகம். ஒரே திட்டத்தில் இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு கந்தலாகிவிடும். நில அளவைத் துறையின் பழைய, மைலுக்கு ஒரு அங்குலக் கணக்குத் தாள்களும் 1:50,000 தாள்களும் எவரெஸ்ட் கோளவுருவில், அதாவது பூமியின் வடிவத்துக்கான ஒரு பழைய கணக்கில், வரைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு கோளவுருவைப் பயன்படுத்துகிறது. இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். திருத்தாமல் ஒன்றன்மேல் ஒன்று போட்டுவிட்டு, கடல் 150 மீட்டர் நிலத்தை விழுங்கிவிட்டது என்று அறிக்கை எழுதுவது எளிது. உவரி, இடிந்தகரைப் பக்கத்துத் தாள்கள் 58 ஹெச் வரிசையிலும், மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் 58 எல் வரிசையிலும் இருக்கின்றன. எந்த ஆண்டு அளந்தது என்பது தாளின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். அச்சிட்ட ஆண்டை அளந்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொருத்தி முடித்த பிறகுதான் கரைக்கோடு வரையும் வேலை. வழக்கமாக ஈர மணலும் காய்ந்த மணலும் சந்திக்கும் கோட்டை எடுப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் காய்ந்த மணல் வெளுப்பாகவும் ஈர மணல் கறுப்பாகவும் இருக்கும் என்பது பாடம். நம் கரையில் அந்தப் பாடம் செல்லாது. இல்மனைட் கறுப்பு மணல். கார்னெட் சிவப்பு மணல். கடல் கரையை அரித்த பிறகு கனமான இந்த மணல்கள் பட்டை பட்டையாகத் தங்கிவிடும். படத்தில் கறுப்பு மணல் ஈரம் போலவே தெரியும், சிவப்பு மணல் நடுத்தரச் சாம்பலாக இருக்கும். காய்ந்த கறுப்பு மணலை ஈரம் என்று நினைத்துக் கோட்டை நிலப் பக்கம் தள்ளினால், பழைய காலத்திலேயே கரை மெலிந்து இருந்தது என்று தவறாக முடியும். ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் ஓரளவு பிரித்துவிடலாம். ஈரக் கோடு அலையின் வளைவைப் பின்பற்றும். கறுப்பு மணல் மேட்டின் அடிவாரத்தை ஒட்டி, அங்கங்கே அறுந்து அறுந்து போகும். கரையோரப் பாறைத் தட்டு இருக்கும் இடத்திலும் இதே குழப்பம் வரும். அது கரைக்கு இணையான நேர்க்கோடாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். அலை நுரை வெளுப்பாக இருப்பதால் அதைக் காய்ந்த மணல் என்று எண்ணிக் கடல் பக்கம் தள்ளி வரைவதும் உண்டு.

ஈரக் கோட்டை நம்பாதவர்கள் செடி தொடங்கும் கோட்டை எடுப்பார்கள். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் அலை அடிக்கடி தொடாத இடத்தில்தான் நிலைக்கும் என்பதால் இது நல்ல அடையாளம்தான், சில மாத மாற்றங்களுக்கு அசையாது. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் பல இடங்களில் சவுக்கு வைத்தார்கள். சவுக்கு நடும் இடத்தை முடிவு செய்வது மனிதன், கடல் அல்ல. 1970 படத்தின் கொடிக் கோட்டையும் 2010 படத்தின் சவுக்குக் கோட்டையும் ஒப்பிட்டால் கரை வளர்ந்ததாகத் தோன்றும். அங்கே வளர்ந்தது தோப்புதான்.

அடுத்தது பருவம். தென்மேற்குக் காற்று காலத்தில், ஆனி ஆடியில், அலை உயர்ந்து கரை மணலை இழுத்துக் கடலுக்குள் போட்டுவிடும். தை மாசியில் மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டு வரும். இந்த ஆட்டம் ஆண்டுதோறும் நடப்பது. விமானப் படங்கள் மேகமில்லாத நாள் பார்த்து எடுத்தவை. மாசியில் எடுத்த பழைய படத்தை ஆடியில் எடுத்த புதிய படத்தோடு வைத்தால் எந்த ஊரிலும் அரிப்பு தெரியும். ஏற்றவற்றத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். நம் பக்கம் கடல் மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு, இருந்தும் அலட்சியம் கூடாது. இருபதுக்கு ஒன்று சரிவுள்ள கரையில் அரை மீட்டர் ஏற்றம் என்றால் கோடு 10 மீட்டர் நகரும். ஏப்ரல் மே மாதங்களில் கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென எழும் பேரலை) வந்த நாளின் படம் என்றால் அதை ஒதுக்கிவிடுவதே மேல்.

இத்தனை பிழையையும் கணக்கில் வைத்துத்தான் எண் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு ஸ்கேன் பிழை 1 மீட்டர், பொருத்தும் பிழை 5, கோடு வரைவதில் 3, ஓதத்தால் 8 என்று வைப்போம். இவற்றை அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறக்குறைய 10 மீட்டர். ஒப்பிடுவது இரண்டு படங்களை என்பதால் மொத்தம் 14 மீட்டர். ஐம்பது ஆண்டு இடைவெளிக்கு இது ஆண்டுக்கு 0.28 மீட்டர். ஆகவே ஐம்பது ஆண்டில் 40 மீட்டர் போயிருக்கிறது என்றால் அது அரிப்புதான். 9 மீட்டர் போயிருக்கிறது என்றால் எதுவும் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு படத்தை வைத்து ஆண்டுக்கு 2 மீட்டர் அரிப்பு என்று சொல்பவர் வெறும் பிழையைத்தான் அளந்திருக்கிறார். கரை நெடுகிலும் 50 மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியே அளந்தால்தான் எந்த ஊரின் எந்தத் தெரு ஓரம் தேய்கிறது என்பது வரும். மாவட்டச் சராசரியால் எந்தத் தெருவுக்கும் பயனில்லை. இதற்கான மென்பொருள்களில் க்யூஜிஐஎஸ் இலவசம், கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய வேலை.

சரி, இவ்வளவு பாடுபட்டால் தெரிவது என்ன? முதலில், மணலின் வழி. தென்மேற்கு அலையில் நம் கரை மணல் வடகிழக்காகப் போகிறது, வாடையில் எதிர்ப் பக்கம். ஒரு தூண்டில் வளைவு போட்டால் மணல் வரும் பக்கம் சேரும், போகும் பக்கம் பட்டினி கிடக்கும். அதனால்தான் ஒரு ஊருக்கு வளைவு போட்டால் சில ஆண்டுகளில் பக்கத்து ஊரும் கேட்கிறது. பழைய படத்தில் செயற்கைக் கல் இல்லை, ஆனால் இயற்கையே போட்ட வளைவுகள் உண்டு. பாறை முனைகளும் ஆற்று முகத்துவாரங்களும்தான் அவை. அவற்றின் எந்தப் பக்கம் மணல் குவிந்திருக்கிறது என்று பார்த்தால் அந்த இடத்தில் ஆண்டு முழுதும் கூட்டிக்கழித்து மணல் எங்கே போகிறது என்பது புரியும். மணப்பாட்டு முனையும், அங்கே கருமேனியாற்று வாய்க்கு முன்னால் நீளும் மணல் நாக்கும் இதற்கு நல்ல பாடம். நம்பியாறு கலக்கும் இடத்தில் வாயை அடைத்துக் கிடக்கும் மணல் திட்டையும், மேட்டுக்குப் பின்னால் கரைக்கு இணையாகக் கறுத்துத் தெரியும் பழைய ஓடையையும் படத்துக்குப் படம் பார்த்தால் வாய் எவ்வளவு தூரம் இடம் மாறும் என்பது தெரியும். அந்தத் தூரத்துக்குள் நிரந்தரமாக எதையும் கட்டாமல் இருப்பது நல்லது.

பெரிய கட்டுமானத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது இன்னும் தெளிவு தரும். தூத்துக்குடிப் புதிய துறைமுகம் 1974-ல் திறந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கி.மீ. நீளமுள்ள இரண்டு அலைத்தடுப்புகள். கூடங்குளத்தில் முதல் அலகின் கான்கிரீட் பணி தொடங்கியது 2002-ல். இந்த இரண்டு ஆண்டுகளையும் எல்லையாக வைத்து, முந்திய படம் ஒன்று, இடைப்பட்டது ஒன்று, பிந்தியது ஒன்று என்று குறைந்தது மூன்று காலத்தை எடுக்க வேண்டும். இரண்டு காலம் மட்டும் பார்த்தால் எல்லாப் பழியும் கடைசியாகக் கட்டியதன்மேல் விழும். மன்னார் வளைகுடாத் தீவுகளின் கதையும் இப்படித்தான். தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லித் தீவு நீருக்குள் போனதற்கும் வான் தீவு சுருங்கியதற்கும் கடல் மட்டத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலமும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. பாறை போன பிறகு அலையைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

இரண்டாவது, மீனவர் நிலம். 1:25,000 படத்தில் 7 மீட்டர் கட்டுமரம் 0.28 மி.மீ. நீளக் கீற்று. ஒன்றொன்றாக எண்ண முடியாது, ஆனால் மரங்கள் வரிசையாக ஏற்றிக் கிடந்த இடம், கரைமடி இழுத்த வெளி, வலை காயப்போட்ட திடல், கருவாட்டுக் களம் எல்லாம் மணலின் நிறத்திலும் ஒற்றையடிப் பாதைகளிலும் தெரியும். பாதைகள் எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் மீன் இறங்கியது. கடற்கரை மண்டலத் திட்டத்தின் கிராம வரைபடங்களில் மீனவர்களின் பொதுச் சொத்துகளைக் காட்ட வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாணையிலேயே இருக்கிறது. வரைவின்மீது கருத்து கேட்கும் கூட்டத்தில் இது எங்கள் களம் என்று வாயால் சொன்னால், ஆவணம் எங்கே என்று கேட்கிறார்கள். பட்டா இல்லாத புறம்போக்குக் களத்துக்கு நாளும் மணியும் பதிந்த வான்படத்தைவிட வேறு என்ன ஆவணம் வேண்டும்? மைலுக்கு 16 அங்குலக் கணக்கில் வரைந்த பழைய கிராம வரைபடத்தோடு சேர்த்து வைத்தால் புல எண்ணும் கிடைத்துவிடும்.

படத்தை ஊருக்குக் கொண்டுபோவதும் தேவை. அரை மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கிய பிரின்டை வலைக்கூடத்தில் விரித்தால், கடலுக்குள் மங்கலாகத் தெரியும் கறுப்புத் திட்டு பாரா (கடலடிப் பாறையா), வெறும் மேக நிழலா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஆண்டைச் சொல்லாமல் காட்டி, எந்தக் காலம் என்று அவர்களையே கேட்பது நல்லது. சொன்ன பிறகு கேட்டால் நினைவு ஆண்டுக்கு ஏற்றபடி வளைந்துகொள்ளும்.

படங்கள் கிடைப்பதில்தான் முடிச்சு. இந்திய நில அளவைத் துறை வைத்திருக்கும் வான்படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருந்தன. 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதலும் 2022 தேசியக் கொள்கையும் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியிருக்கின்றன. தனி ஆள் எழுதிக் கேட்டு அலைவதைவிட மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து, பெரியதாழை முதல் கூட்டப்புளி வரையிலான படங்களை ஒரே கோரிக்கையாகக் கேட்டு வாங்குவதே நடக்கிற காரியம். கூட்டப்புளியோடு நிறுத்தாமல் கன்னியாகுமரிப் பக்கம் பத்து கிலோமீட்டர் சேர்த்துக் கேட்க வேண்டும். நமக்கு வரும் மணல் அங்கிருந்துதான் புறப்படுகிறது, அது மாவட்ட எல்லை பார்ப்பதில்லை.

அவை வரும் வரை, 1995-ல் ரகசியம் நீக்கிய அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் கைகொடுக்கும். 1960 முதல் 1972 வரை எடுத்தவை. 1967-க்குப் பிந்திய கேஎச்-4பி வகையில் சுமார் 1.8 மீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம். ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இணையத்தில் இலவசம், ஆகாதவை படத்துக்கு 30 டாலர். அகலவாக்கில் பார்க்கும் கேமரா என்பதால் படத்தின் இரு முனையிலும் அளவு நசுங்கும். கரை நடுவில் விழும் படமாகப் பார்த்து எடுக்க வேண்டும். துண்டு துண்டாக வெட்டித் தனித்தனியே பொருத்த வேண்டும்.

நில அளவைத் துறையிடம் எழுதும் கடிதத்தில் ஒரு வரியைச் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறோம். பிரின்ட் போதும் என்று விட்டுவிடாமல், பிலிம் சுருளையே ஸ்கேன் செய்து தர வேண்டும் என்று கேட்க வேண்டும். 1960-க்கு முந்திய சுருள்களில் பல அசிட்டேட் பிலிம். அது பழசாகும்போது வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும், அதன்பின் எந்தக் குறியும் குறிக்கு ஒத்துவராது. எனவே பழைய சுருளிலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும், புதியவை காத்திருக்கலாம்.

இப்படிக்கு,
கடலோர நில அளவை, வரைபடப் பணியாளர்கள் சிலர்,
திசையன்விளை